தொலைந்த கணினியும் மீண்ட கோப்புகளும்: தமிழ் இணையத்தளம் ஒன்றை மீட்டெடுத்தல்

முன்னுரை

தமிழாசிரியர்களும் ஆய்வாளர்களும் தமக்கெனச் சொந்த இணையத்தளம் அமைத்துக்கொள்ளும் வழக்கம் நம் வட்டாரத்தில் ஏறத்தாழ கால் நூற்றாண்டாக இருந்து வருகிறது. பாடக்குறிப்புகள், களஆய்வுத் தரவுகள், ஒலிப்பதிவுகள், மாணவர் கட்டுரைகள் எனப் பலவும் இத்தளங்களில் இடம்பெறுகின்றன. இவற்றின் மூலக்கோப்புகள் பெரும்பாலும் ஒரே ஒரு கணினியிலேயே இருக்கும். அக்கணினி போய்விட்டால் என்ன எஞ்சும் என்னும் வினாவை நாம் எழுப்பிக்கொள்வதில்லை. எமக்கும் அவ்வினா எழுந்ததில்லை. 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மகிழுந்தின் பின்னிருக்கையிலிருந்து பையொன்று களவுபோன நாள்வரை.

அப்பையில் மடிக்கணினி இருந்தது. காப்புநகல் எடுத்து வைத்திருந்த புறநிலை வன்தட்டும் அதே பையில்தான் இருந்தது. காப்புநகல் எடுக்கும் பழக்கம் எமக்கு இருந்தது என்பதையும், அப்பழக்கத்தால் எள்ளளவும் பயன் விளையவில்லை என்பதையும் ஒருசேரக் கூறவேண்டியுள்ளது.

களவுபோனது, 2003 முதல் பேராக், கெடா மாநிலங்களின் ரப்பர்த் தோட்டங்களில் நாம் திரட்டிய தாலாட்டு, ஒப்பாரி, தொழிற்பாடல் ஆகியவற்றின் தொகுப்பு. ஏறத்தாழ 300 பக்கங்களாக அவை எம் தளத்தில் இருந்தன. பாடிய முதியோரில் பெரும்பாலோர் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் வாழ்ந்த லயங்கள் பலவும் வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. மீண்டும் களத்திற்குச் சென்று திரட்டிக்கொள்ளலாம் என்னும் வாய்ப்பு இதில் இல்லை. அத்தளத்தை மீட்டெடுத்த முறையையும், அதன்வழி அறிந்தவற்றையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. கணினித்துறை வல்லுநருக்கு இதில் புதுமை குறைவு. தமிழ்க் கோப்புகளுக்கே உரிய சில சிக்கல்களைக் கணினித்துறை நூல்கள் பேசுவதில்லை என்பதாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

கணினியை இழந்தவர் உடனே கோப்புகளை மீட்க முனைவர். ஆனால் முதலில் செய்ய வேண்டியது, எஞ்சியிருப்பதைக் காத்தல். தளத்திற்குக் கோப்புகளை அனுப்பப் பயன்படும் மென்பொருள்கள் கடவுச்சொல்லைத் தம்முள் சேமித்து வைத்திருக்கும். பழைய பதிப்புகள் சிலவற்றில் அது மறைகுறியாக்கமின்றியே கிடக்கும். கணினி எவர் கையில் இருக்கிறதோ அவர் கையில் தளத்தின் திறவுகோலும் இருக்கிறது என்பதே இதன் பொருள். ஆகவே மின்னஞ்சல், வழங்கி, களப்பெயர்ப் பதிவு ஆகிய மூன்றின் கடவுச்சொற்களையும் அன்றே மாற்றிவிட வேண்டும். இவற்றுள் மின்னஞ்சலே முதன்மையானது. ஏனைய இரண்டையும் அதன்வழியே மாற்றிவிட முடியும்.

அடுத்தது, வழங்கியிலுள்ள கோப்புகள் அனைத்தையும் வேறொரு கணினிக்குப் பதிவிறக்கிக்கொள்வது. இங்கு நாம் பெரும்பிழையொன்றைச் செய்துவிட இருந்தோம். புதிய கணினியில் வழக்கமான மென்பொருளை நிறுவி, 'இருபுறமும் ஒன்றாக்கு' என்னும் வசதியை இயக்கச் சென்றோம். அவ்வசதி கணினியிலுள்ள கோப்புறையை மூலமாகக் கொண்டு வழங்கியை அதற்கு ஒத்ததாக மாற்றும்படி முன்பு அமைக்கப்பட்டிருந்தது. புதிய கணினியின் கோப்புறையோ வெறுமையாக இருந்தது. பொத்தானை அழுத்தியிருந்தால், வெறுமைக்கு ஒத்ததாக வழங்கியும் வெறுமையாகியிருக்கும். உறுதிசெய்யும் செய்தியில் 'அழிக்கப்படும்' என்ற சொல்லைக் கண்டு கையை எடுத்தோம். பதிவிறக்கம் முடியும்வரை வழங்கிக்கு எதனையும் அனுப்பலாகாது என்பதை அன்றே தாளில் எழுதி மேசையில் ஒட்டினோம்.

கணினி களவுபோகாமல் பழுதுபட்டிருந்தால் வழி வேறு. சுழலும் தட்டுடைய பழைய வன்தட்டுகளில், கோப்பு அழிக்கப்பட்டாலும் அதன் உள்ளடக்கம் வேறொன்று மேலெழுதும்வரை தட்டில் தங்கியிருக்கும். எனவே அவ்வன்தட்டைத் தொடர்ந்து பயன்படுத்தாமல் கழற்றி, வேறொரு கணினியில் இணைத்து, 'ஃபோட்டோரெக்' போன்ற கட்டற்ற மென்பொருளால் கோப்புகளை மீட்கலாம். ஆனால் இம்முறையில் கோப்புகளின் பெயர்கள் பெரும்பாலும் கிட்டா. உள்ளடக்கம் மட்டுமே கிட்டும். இன்றைய மடிக்கணினிகளில் உள்ள திண்மநிலைச் சேமிப்பகங்களில் இவ்வாய்ப்பும் அரிது. அழிக்கப்பட்ட இடங்களை அவை தாமாகவே துப்புரவு செய்துவிடுகின்றன.

வழங்கியில் இல்லாதவை

வழங்கியிலிருந்து தளம் முழுமையாகக் கிடைத்தது. அத்துடன் நம் கவலை தீர்ந்தது என்றே எண்ணினோம். ஓரிரு வாரங்களில்தான் உண்மை புலனாயிற்று. இணையத்தளம் என்பது பதிப்பிக்கப்பட்ட படி. மூலத்தின் காப்புநகல் அன்று. அச்சான நூல் கையில் இருப்பதாலேயே ஆசிரியரின் குறிப்பேடுகள் நம்மிடம் இருப்பதாகிவிடாது. பாடலின் திருத்திய வடிவம் தளத்தில் இருந்தது; பாடியவர் பெயர், வயது, தோட்டம், பதிவு செய்த நாள், பாடவேறுபாடுகள் ஆகியன அடங்கிய களக்குறிப்புகள் கணினியில் மட்டுமே இருந்தன. ஒளிப்படங்கள் சிறிதாக்கப்பட்ட நிலையிலேயே தளத்தில் கிடைத்தன. ஒலிப்பதிவுகளின் நிலையைப் பின்னர்க் கூறுவோம்.

மேலும், தளத்தின் முதற்பகுதி வழங்கியில் இல்லவே இல்லை. 2003இல் நாம் இலவச இடம் தந்த ஜியோசிட்டீசில் தொடங்கினோம். 1994இல் தோன்றி 1999இல் யாகூ நிறுவனத்தால் வாங்கப்பட்ட அச்சேவை, 2009 அக்டோபர் 26ஆம் நாள் மூடப்பட்டது. மூடப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னர் நாம் சொந்தக் களப்பெயருக்கு மாறியபோது, பயனற்றவை எனக் கருதிய சில பக்கங்களை விட்டுவிட்டோம். பாடகர்களைப் பற்றிய குறிப்புகள் அப்பக்கங்களில்தான் இருந்தன என்பது பின்னரே நினைவுக்கு வந்தது.

இணைய ஆவணக்காப்பகம்

புரூஸ்டர் கேல் 1996இல் சான்பிரான்சிஸ்கோவில் நிறுவிய இணைய ஆவணக்காப்பகம், உலகெங்குமுள்ள இணையப்பக்கங்களின் படிகளைக் காலமுறையில் சேமித்து வருகிறது. 2001 முதல் 'வேபேக் மெஷின்' என்னும் பெயரில் அவை பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. பழைய முகவரியை அதில் இட்டால், எந்தெந்த நாளில் படியெடுக்கப்பட்டது என்பது நாட்காட்டியாகத் தோன்றும். முகவரியின் இறுதியில் உடுக்குறி சேர்த்துத் தேடினால், அத்தளத்தின்கீழ்ச் சேமிக்கப்பட்ட முகவரிகள் அனைத்தும் பட்டியலாகக் கிடைக்கும். எம் பழைய தளத்தின் பெரும்பகுதி இவ்வாறு அகப்பட்டது.

ஒரே பக்கத்தின் பல காலப் படிகள் கிடைக்கும்போது எதனைக் கொள்வது? இறுதிப் படியே சிறந்தது என்று கொள்ள இயலவில்லை. 2005ஆம் ஆண்டுப் படியில் இருந்த ஓரடி 2008ஆம் ஆண்டுப் படியில் விடுபட்டிருந்தது. நாமே திருத்தும்போது தவறவிட்டிருக்கிறோம். சுவடிகளை ஒப்பிட்டுப் பாடங்கொள்ளும் முறையை மாணவர்க்கு ஆண்டுதோறும் கற்பித்து வரும் நாம், எம்முடைய எழுத்துக்கே அம்முறையைக் கையாள நேர்ந்தது சற்று வியப்பாகவே இருந்தது. ஏட்டுச்சுவடியில் குற்றம் எழுதினோன்மேல் விழும். இங்கு எழுதினோனும் பதிப்பாசிரியனும் ஒருவரே.

இக்காப்பகத்தின் எல்லைகளையும் அறிதல் வேண்டும். இணைப்புகளின்வழிச் செல்லக்கூடிய பக்கங்களையே அது படியெடுக்கும். தேடற்பெட்டியில் சொல்லை இட்டாலன்றித் தோன்றாத பக்கங்கள் அதனிடம் இரா. எம் தளத்தின் பெரிய ஒலிக்கோப்புகளில் ஒன்றுகூட அதில் இல்லை. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அக்காப்பகமே சில நாள்கள் செயலிழந்திருந்தது. கூகுள் தேடுபொறி தன் தேக்ககப் படிகளைக் காட்டுவதை 2024இல் நிறுத்திவிட்டது. சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியத்திற்கு அந்நாட்டுக் களப்பெயர் கொண்ட தளங்களைப் படியெடுக்கும் சட்டவழி அதிகாரம் 2019 முதல் உள்ளது. பிற களப்பெயர் கொண்ட எம்மனோர்க்கு அது பயன்படாது.

குறியாக்கச் சிக்கல்

இனி, தமிழ்க்கோப்புகளுக்கே உரிய இடர்ப்பாட்டுக்கு வருவோம். ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, அதாவது 1991இலேயே, தமிழுக்கு இடம் அளிக்கப்பட்டிருந்தது. எனினும் அது நம் மேசைக்கு வந்துசேரப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. இடைக்காலத்தில் டிஸ்கி, தாப், தாம், பாமினி, முரசு அஞ்சலின் குறியாக்கம் எனப் பல வழங்கின. எம் பழைய பக்கங்கள் டிஸ்கியில் அமைந்தவை. தமிழகத்து நண்பர் ஒருவர் தட்டச்சு செய்து தந்த சில பகுதிகள் பாமினியில் இருந்தன. இன்றைய உலாவியில் இவற்றைத் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளின் குவியலே தோன்றும். கோப்பு பழுதுபட்டுவிட்டது எனப் பலரும் இந்நிலையில் கைவிட்டுவிடுகின்றனர். உண்மையில் கோப்பு நலமாகவே உள்ளது. அதனைப் படிக்கும் முறைதான் மறக்கப்பட்டுவிட்டது.

இங்குச் செய்யத்தகாத செயல் ஒன்று உண்டு. திரையில் தோன்றும் குவியலை வெட்டி வேறொரு கோப்பில் ஒட்டிச் சேமித்தலாகாது. அவ்வாறு செய்யும்போது ஒவ்வோர் எண்ணும் ஐரோப்பிய எழுத்தாகவே கொள்ளப்பட்டு, மீண்டும் ஒருமுறை ஒருங்குறிக்கு மாற்றப்படும். சில எழுத்துகள் வழியில் உதிர்ந்துவிடுவதும் உண்டு. கோப்பை மாற்றமின்றி, எண்மாறாமல், அப்படியே பதிவிறக்க வேண்டும். ஆவணக்காப்பகம் தன் பக்கங்களின் தலைப்பில் ஒரு பட்டையைச் சேர்த்தும், இணைப்புகளை மாற்றியுமே காட்டும். முகவரியிலுள்ள 14 இலக்கக் கால எண்ணை அடுத்து 'ஐடி' என்னும் இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளையும் ஓர் அடிக்கோட்டையும் சேர்த்தால், மூலக்கோப்பு சேர்க்கையின்றிக் கிடைக்கும். இவ்வொரு குறிப்பை அறிய எமக்கு மூன்று வாரங்கள் ஆயின.

டிஸ்கி, பார்வை வரிசையில் எழுத்துகளைச் சேமிக்கும் முறை. 'கொ' என்பதில் முதலில் கொம்பு, பின்னர் ககரம், அதன்பின் கால் என்னும் வரிசையில் எண்கள் அமையும். ஒருங்குறியில் ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னும் வரும். எனவே மாற்றி என்பது எண்ணுக்கு எண் பதிலிடும் பட்டியலாக மட்டும் இருந்தால் போதாது. வரிசையையும் மாற்ற வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தில் உள்ள 'ஐகான்வ்' என்னும் கருவி டிஸ்கியை அறியும். விண்டோசில் 'என்எச்எம் கன்வர்ட்டர்' போன்றவை பல குறியாக்கங்களையும் கையாளுகின்றன.

மாற்றிய பின்னரும் படித்துப் பார்த்தல் இன்றியமையாதது. எம் பக்கங்கள் சிலவற்றில் 'இது' என்பது 'து' எனவும், 'இரவு' என்பது 'ரவு' எனவும் வந்தன. காரணம் ஆராய்ந்தபோது சுவையான செய்தி ஒன்று வெளிப்பட்டது. டிஸ்கியில் இகரத்திற்கு முதலில் ஒதுக்கப்பட்டது 173ஆம் இடம். ஐரோப்பியக் குறியாக்கத்தில் அவ்விடம் கண்ணுக்குப் புலப்படாத மென் இணைப்புக்கோட்டிற்கு உரியது. எனவே சில மென்பொருள்கள் இகரத்தை இணைப்புக்கோடு எனக் கருதி விழுங்கிவிட்டன. இதனாலேயே 1.7ஆம் பதிப்பில் இகரத்திற்கு 254ஆம் இடமும் தரப்பட்டது. எம் கோப்புகளில் பழைய எண்ணே இருந்தது. வெட்டி ஒட்டிச் சேமித்த படிகளில் இகரம் மறைந்தே போயிற்று. எண்மாறாமல் பதிவிறக்கிய படிகளில் அது பத்திரமாக இருந்தது.

ஔகாரக் குறியும் தொல்லை தருவதே. கௌரவம் என்பதில் உள்ள குறியும் ளகரமும் தோற்றத்தில் ஒன்றாக இருப்பதால், தட்டச்சு செய்தோர் ககரத்தின் முன் கொம்பும் பின் ளகரமும் இட்டுவிடுவர். திரையில் வேறுபாடு தெரியாது. தேடும்போது அச்சொல் அகப்படாது. இவற்றைக் கருவி திருத்தாது, கண்தான் திருத்த வேண்டும்.

பாமினியின் சிக்கல் வேறுவகையானது. அதில் தமிழெழுத்துகள் ஆங்கில விசைகளின் இடத்திலேயே அமர்ந்துள்ளன. அகரம் ஆங்கில 'எம்'மின் இடத்திலும், மகரம் 'கே'யின் இடத்திலும், இகரம் காற்புள்ளியின் இடத்திலும், மெய்ப்புள்ளி அரைப்புள்ளியின் இடத்திலும் உள்ளன. இணையப்பக்கத்தின் கட்டளைகளும் ஆங்கில எழுத்துகளே. முழுக்கோப்பையும் மாற்றியில் இட்டால் கட்டளைகளும் தமிழெழுத்துகளாகி, பக்கமே சிதைந்துவிடும். கட்டளைகளை நீக்கி, உரையை மட்டும் பிரித்தெடுத்த பின்னரே மாற்ற வேண்டும். டிஸ்கியில் முதல் 128 இடங்களும் ஆங்கிலத்திற்கே விடப்பட்டதால் இத்தொல்லை இல்லை. அதனை வடிவமைத்தோரின் முன்னோக்கை இவ்விடத்தில் நன்றியுடன் நினைத்துக்கொண்டோம்.

இன்று ஒருங்குறியில் தளம் நடத்துவோர்க்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. வேர்ட்பிரஸ் போன்றவற்றால் இயங்கும் தளங்களில் உரை முழுவதும் தரவுத்தளத்தில் இருக்கும். கோப்புறைகளைப் படியெடுத்தால் படங்களும் அமைப்பும் மட்டுமே கிடைக்கும். தரவுத்தளத்தை ஏற்றுமதி செய்யும்போது குறியாக்கம் தவறாகத் தெரிவு செய்யப்பட்டால் தமிழெழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாக மாறிவிடும். டிஸ்கியின் குவியலிலிருந்து தமிழை மீட்கலாம். கேள்விக்குறிகளிலிருந்து எவராலும் மீட்க இயலாது.

ஒலிப்பதிவுகள்

குறுந்தட்டின் தரத்தில் ஒரு மணி நேர ஒலிப்பதிவு ஏறத்தாழ 635 மெகாபைட் இடங்கொள்ளும். நாம் தளம் தொடங்கிய காலத்து வழங்கியில் அதற்கு இடமில்லை. ஆகவே நொடிக்கு 64 கிலோபிட் என்னும் அளவில் சுருக்கி, மணிக்கு 29 மெகாபைட் அளவான எம்பி3 கோப்புகளாக, அதுவும் தெரிந்தெடுத்த பகுதிகளை மட்டுமே தளத்தில் ஏற்றினோம். சுருக்கத்தில் இழந்ததைத் திரும்பப் பெற இயலாது. ஒப்பாரியில் அடிக்கு அடி வரும் விம்மலும் மூச்சும் பாடலின் யாப்போடு தொடர்புடையவை. சுருக்கிய பதிவில் அவை இரைச்சலோடு கலந்துவிடுகின்றன.

இரண்டு வழிகளில் உதவி கிட்டியது. 2008இல் நடத்திய ஆசிரியர் பயிலரங்கொன்றில் குறுந்தட்டு வழங்கியிருந்தோம். பங்கேற்ற ஆசிரியர் இருவர் அதனை இன்னும் வைத்திருந்தனர். ஒன்று படிக்க முடியாதவாறு மங்கியிருந்தது, மற்றொன்று முழுமையாகத் திறந்தது. 2003 முதல் 2006 வரையிலான பதிவுகளின் மூல ஒலிநாடாக்கள் துறையின் அலமாரியில் கிடந்தன. நம் தட்பவெப்பத்தில் மூன்று நாடாக்கள் பூசணம் பிடித்திருந்தன. ஏனைய பதினொன்றை மீண்டும் எண்மமாக்கினோம்.

2007க்குப் பின் எண்ம ஒலிப்பதிவுக் கருவியையே பயன்படுத்தினோம். அவற்றிற்கு நாடா இல்லை. முன்னேற்றம் எனக் கருதிய மாற்றமே இங்கு இழப்பாயிற்று. 2010இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு மூதாட்டி தம் கணவருக்காகப் பாடிய ஒப்பாரியை நாற்பது நிமிடங்கள் பதிவு செய்தோம். தளத்தில் இருப்பது அதில் நான்கு நிமிடங்கள். ஏனைய முப்பத்தாறு நிமிடங்கள் எங்கும் இல்லை.

காப்புநகல் முறை

காப்புநகலுக்கு இன்று பரவலாக எடுத்துரைக்கப்படுவது, ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் 2005இல் வெளியிட்ட நூலின்வழி அறியப்பட்ட 3-2-1 முறை: மூன்று படிகள், இருவகை ஊடகங்களில், ஒன்றேனும் வேறிடத்தில். எம்மிடம் படிகள் இரண்டே இருந்தன. வேறிடம் என்னும் கூறு அறவே இல்லை. இப்போது ஒரு படி அலுவலகத்திலும், ஒரு படி இல்லத்திலும், ஒரு படி மேகச் சேமிப்பிலும் உள்ளன. இரு வன்தட்டுகளும் ஒருபோதும் ஒரே பையில் பயணம் செய்வதில்லை.

மேகச் சேமிப்பைக் காப்புநகலாகவே கருதும் மயக்கம் நம்மிடையே மிகுதி. கணினியில் ஒரு கோப்பை அழித்தால் மேகத்திலும் அது அழிக்கப்படுகிறது. கெட்ட கோப்பு மேலேறினால் நல்ல கோப்பு மறைகிறது. பழைய பதிப்புகளை எத்தனை நாள் வைத்திருக்கும் என்பது சேவைக்குச் சேவை வேறுபடும். எனவே இணைப்பிலிருந்து கழற்றி வைக்கப்பட்ட படி ஒன்று இருந்தே ஆகவேண்டும். கோப்புகள் காலப்போக்கில் மாறாமல் உள்ளனவா என அறிய, ஒவ்வொரு கோப்பிற்கும் எஸ்எச்ஏ-256 முறையில் கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணைப் பட்டியலிட்டு வைத்துள்ளோம். ஓரெழுத்து மாறினாலும் அவ்வெண் மாறிவிடும். ஆண்டுக்கு இருமுறை அதனை ஒப்பிடுகிறோம். அப்போதே, காப்புநகலிலிருந்து தளம் முழுவதையும் வேறொரு கணினியில் எழுப்பியும் பார்க்கிறோம். முதன்முறை எழுப்பியபோது பாதிப் படங்கள் தோன்றவில்லை. கோப்புப் பெயர்களில் ஆங்கிலப் பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொருட்படுத்தாது, லினக்ஸ் வழங்கி பொருட்படுத்தும் என்பதே காரணம்.

தமிழ்க்கோப்புகளைப் பொறுத்தவரை மேலும் ஒன்று தேவை. கோப்புறைதோறும், எளிய உரைக்கோப்பாக ஒரு குறிப்பை வைத்துள்ளோம்: எக்குறியாக்கம், எவ்வெழுத்துரு, எந்நாளில் எக்கருவியால் மாற்றப்பட்டது. பழைய டிஸ்கிக் கோப்புகளையும் அழிக்கவில்லை. மாற்றத்தில் பிழை பின்னர் வெளிப்பட்டால் மூலத்திற்குத் திரும்ப வேண்டுமல்லவா? எழுத்துருக் கோப்புகளும் உடன் உள்ளன. அக்காலத்தில் எழுத்துருவைப் பக்கத்தோடு இணைத்தனுப்பிய உத்திகளை இன்றைய உலாவிகள் ஏற்பதில்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகம் 1999இல் தொடங்கிய 'லாக்ஸ்' திட்டம், படிகள் பலவாகப் பலரிடம் இருத்தலே பாதுகாப்பு என்னும் கருத்தின்மீது எழுந்தது. எமக்கு உதவியதும் ஓர் ஆசிரியரின் இழுப்பறையில் கிடந்த குறுந்தட்டுதான். சுங்கை சிப்புட் மூதாட்டியின் மகள், அம்மா பாடியதை ஒரு தட்டில் போட்டுத் தாருங்கள் என்று பதிவு செய்த அன்றே கேட்டிருந்தார். ஒலியைச் சீர்செய்த பின் தருவதாகக் கூறினோம், பின்னர்த் தள்ளிப்போட்டுவிட்டோம். 2023இல் நேரில் சென்று நிகழ்ந்ததைச் சொல்லி, எஞ்சிய நான்கு நிமிடங்களைக் கொடுத்து வந்தோம். இப்போது மீட்கப்பட்ட பதிவுகளை, பாடியோரின் குடும்பங்களில் தொடர்பு கிடைத்தவர்களுக்கு விரலிகளில் இட்டு வழங்கி வருகிறோம். இருபத்திரண்டு குடும்பங்களில் இதுவரை ஒன்பதைக் கண்டுபிடித்துள்ளோம்.